சுர்மா பூசிய டேஷ்போர்டு

போன மாதம் என் தம்பி ஒரு பார்சலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கோயம்புத்தூரில் யாரோ ஒருவர் பழைய கார்களின் பிளாஸ்டிக் சாமான்களை அச்செடுத்துப் புதிதாக வார்த்துக் கொடுக்கிறாராம். எங்கள் கான்டெசாவின் டேஷ்போர்டுப் பெட்டிக்கு ஒரு மூடி சொல்லி வாங்கியிருந்தான். கன்னங்கரேலென்று, ஒரு கீறல் இல்லாமல், நன்றாகத்தான் இருந்தது. அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகா இருக்குடா. எங்கயாவது பத்திரமா வை. ஆனா அதக் கழட்டாத" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். தம்பிக்கு முகம் தொங்கிப்போனது. அவனுக்கு அந்த ஒட்டுப்போட்ட மூடியின் கதை தெரியாது. அது உடைந்தபோது அவன் பின்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். கீரப்பாளையம் பக்கத்தில் இருந்தோம். எங்கள் வீட்டில் கார் இருந்தது, அதை ஓட்டத்தான் ஆள் இல்லை. வீட்டில் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் என் அப்பா. எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். அத்தாவோ சவூதியில் இருந்தார். அங்கே ஒரு பெரிய வீட்டில் டிரைவர் வேலை. அந்த வீட்டுப் பெண்கள் கடைக்குப் போக, கல்யாணத்துக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக, எல்லாவற்றுக்கும் அத்தாதான். தன் காரை அவர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து ஓட்டுவார். மற்ற நாளெல்லாம் அது கொட்டகையில் உறை போர்த்திக்கொண்டு தூங்கும்.

வெள்ளிக்கிழமை தோறும் மாமா வந்து வண்டியைக் கிளப்பி, கொஞ்சநேரம் உறுமவிட்டு, அணைத்துவிட்டுப் போவார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பண்ருட்டியிலிருந்து முந்திரிப்பருப்பு வாங்கிச் சிதம்பரம் கடைகளுக்குப் போடுகிற வியாபாரம் அவருக்கு. நல்ல உயரம், நல்ல மனசு, பொய் மட்டும் வராது. வராது என்றால் சொல்ல மாட்டார் என்று அர்த்தமில்லை. ஆசையாகத்தான் சொல்லுவார், பாவம், நிற்காது.

காரை விற்றுவிடலாம் என்ற பேச்சு ரொம்ப நாளாகவே இருந்தது. பாண்டிச்சேரியில் பழைய கார்களைச் சேர்க்கிற ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தா போனில் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "நல்லபடியா இருக்கற வரைக்கும் இருக்கட்டும். எங்கயாவது உடைஞ்சிதுன்னா சாமான் கெடைக்காது. அப்புறம் வச்சிருந்து பிரயோஜனம் இல்ல, குடுத்துடுவோம்."

அம்மா அதற்கு "சரிங்க" என்றுதான் சொன்னார். அத்தாவிடம் அம்மா எதற்கும் "சரிங்க"தான்.

இதற்கு நடுவில்தான் தம்பிக்கு ஒருநாள் மூச்சிரைப்பு வந்தது. நல்ல மத்தியானம். மாமா பண்ருட்டியில் இருந்தார். ஆட்டோக்காரர் வீட்டில் ஆட்டோ நின்றது, ஆட்டோக்காரர் இல்லை. அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார், நான் பின்னால் ஓடினேன். அவன் நெஞ்சு விசில் ஊதுவதுபோல் சத்தம் போட்டது. பஸ்ஸும் வரவில்லை. கடைசியில் ஒரு பால் வேன்காரர் ஏற்றிக்கொண்டு சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். சாயங்காலம் திரும்பி வந்ததும் அம்மா வீட்டுக்குள் போகவில்லை. கொட்டகைக்குப் போய், உறை போர்த்தி நின்ற காரையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு வெயிலில் நின்றது நாங்கள், நிழலில் நின்றது கார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா வந்தபோது அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஓட்டுகிற பக்கம்.

"டேய், எனக்கு இத ஓட்டக் கத்துக்குடு."

"அக்கா, மச்சானுக்குத் தெரிஞ்சா?"

"தெரியறப்ப பாத்துக்கலாம். நீ மொதல்ல ஏறு."

விடிகாலை பஜர் தொழுகை முடிந்து ஊர் சோம்பல் முறிக்கும் நேரத்தில் இருவரும் பிச்சாவரம் ரோட்டுக்குப் போய்ப் பழகிவிட்டு வருவார்கள். நானும் தம்பியும் பின்சீட்டில். அம்மா குள்ளம். ஓட்டுகிற சீட்டை முன்னால் எவ்வளவு வருமோ அவ்வளவு இழுத்து, முதுகுக்கு ஒரு தலையணையும் வைத்தால்தான் கால் எட்டும். சீட்டை நகர்த்துகிற பிடியின் பிளாஸ்டிக் தலை எப்போதோ உடைந்துபோய், வெறும் கம்பிதான் மிச்சம். அதைப் பிடித்து இழுத்து நகர்த்துவதற்குள் மாமாவுக்கு வேர்த்துவிடும். அம்மா ஓட்டும்போது மாமா சொல்லிக்கொடுத்ததைவிட ஓதியதுதான் ஜாஸ்தி. பாலத்தில் ஏறினால் ஒரு துவா, எதிரே லாரி வந்தால் இன்னொன்று. ஆனால் அம்மா சீக்கிரம் கற்றுக்கொண்டார். தோசை வார்க்கிற நிதானத்தோடு ஓட்டினார். சிதம்பரத்தில் போய் முறைப்படி லைசென்ஸும் எடுத்துவிட்டார். அத்தாவிடம் சொல்வதற்கு மட்டும் நாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு போனிலும் "சரிங்க" வந்ததே தவிர அது வரவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் பலாப்பழம் வந்தது.

மாமாவுக்குப் பண்ருட்டிக்குப் போகிற வேலை இருந்தது, அம்மாவே ஓட்டிக்கொண்டு போனார். அவ்வளவு தூரம் ஓட்டியது அதுதான் முதல்தடவை. போகும்போது ஒன்றும் ஆகவில்லை. வரும்போது மாமா ஒரு பெரிய பலாப்பழத்தை வாங்கிக்கொண்டார். டிக்கியில் வைத்தால் உருண்டு அடிபடும், பின்சீட்டில் நாங்கள் இருந்தோம். ஆகவே அதை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முள்ளு குத்துகிறது என்று வழியெல்லாம் புலம்பினார், ஆனால் பிடியை விடவில்லை.

சேத்தியாத்தோப்பு தாண்டியதும் ஒரு வாத்துக் கூட்டம் ரோட்டைக் கடந்தது. ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்கு ஓட்டிப்போகிறார்கள் போலிருக்கிறது. சரிவுக்குக் கீழே இருந்து திடீரென்று நூற்றுக்கணக்கில் ஏறி வந்தன. அம்மா பிரேக்கில் ஏறி நின்றார். கார் நின்றுவிட்டது. பலாப்பழம் நிற்கவில்லை. மாமாவின் கையைப் பிய்த்துக்கொண்டு நேராக டேஷ்போர்டில் போய் மோதியது.

வாத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பலாப்பழத்துக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. டேஷ்போர்டுப் பெட்டியின் மூடி மட்டும் நான்கு துண்டாகக் கீழே கிடந்தது. மேலே காற்று வருகிற இடத்தில் இருந்த மெல்லிய பட்டைகளில் இரண்டு காணாமல் போயிருந்தன. வாத்து மேய்ப்பவர் குச்சியைத் தூக்கி ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார். அம்மா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, வண்டி போச்சு" என்றார் மாமா.

அவர் சொன்னது மூடியை அல்ல. அத்தா லீவில் வருகிற நாள் நெருங்கியிருந்தது. உடைந்தால் விற்றுவிடுவோம் என்று அத்தா சொன்ன சொல் மூன்று பேருக்குமே தெரியும். கார் போனால் மறுபடியும் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். அம்மா வண்டியை எடுத்தார். வீடு வந்து சேரும்வரை முன்னால் போன சைக்கிளைக்கூட முந்தவில்லை.

மறுநாளே மாமா சாமான் தேடிக் கிளம்பினார். சிதம்பரத்தில் கடைக்காரர்கள் காரின் பேரைக் கேட்டதும் சிரித்தார்களாம். கம்பெனியே அந்தக் காரைச் செய்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. கடலூரில் பழைய வண்டிகளைப் பிரித்துப்போடுகிற இடத்தில் ஒரு மூடி கிடைத்தது. அது காப்பிக் கலரில் இருந்தது. மாமா அதை மாட்டிக் காட்டி, "மச்சான் இதையெல்லாமா பாப்பாங்க?" என்றார். அம்மா அதைப் பார்த்த பார்வையில் மாமா அவரே கழற்றிவிட்டார்.

பிறகு அவரே மருத்துவம் பார்க்க இறங்கினார். கத்தியை அடுப்பில் காய்ச்சி, இரண்டு துண்டை ஒட்டவைத்து உருக்கினார். வீடெல்லாம் நாற்றம். துண்டு ஒட்டியது, ஆனால் ஓரம் அப்பளம்போல் சுருங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஓட்டையே விழுந்திருக்கும். அம்மா கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று நான்கு நாள் எங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்கவே இடமில்லை. அம்மா துண்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தார். விளிம்புக்கு விளிம்பு பார்த்துச் சேர்த்து, பின்பக்கம் செலோடேப் போட்டு நிறுத்தினார். விரல் பட்டால் விரலையே ஒட்டிவிடுகிற பசை சின்ன டியூபில் வருமே, அதை விரிசலில் சொட்டு சொட்டாக விட்டு, மேலே ஆப்பசோடாவைத் தூவினார். தூவியதும் புஸ்ஸென்று மெல்லிய புகை வந்து கல்லாக இறுகிவிடும். எங்கள் மிக்சி மூடியை முன்பே அவர் அப்படித்தான் ஒட்டியிருந்தார். முன்பக்கம் இறுகியதும் டேப்பை உரித்து, பழைய டீ வடிகட்டியின் வலையை வெட்டிப் பின்பக்கம் வைத்து, மறுபடியும் பசை, மறுபடியும் சோடா. காற்றுப் பட்டைக்கு என் கறுப்புச் சீப்பு பலியானது. அதன் முதுகை ரம்பத்தால் அறுத்து, உரசி, அளவு பார்த்துப் பொருத்தினார். நான் அழுதேன். "உனக்குப் புதுசு வாங்கித் தரேன், இதுக்குப் புதுசு கெடைக்குமா?" என்றார்.

ஆனால் ஒட்டிய இடமெல்லாம் வெள்ளைக் கோடு. கறுப்பு மூடியின் குறுக்கே அது சுவரில் ஓடுகிற பல்லிபோல் கண்ணில் பட்டது. ஷூ பாலிஷ் போட்டார்கள், விரலோடு வந்துவிட்டது. மார்க்கர் பேனாவால் எழுதினார்கள், ஊதாவாகத் தெரிந்தது. மாமா தார் பூசலாம் என்றார். அவரை யாரும் சட்டைசெய்யவில்லை.

அம்மா கொஞ்சநேரம் யோசித்துவிட்டு உள்ளே போய்ச் சுர்மா குப்பியை எடுத்துவந்தார். கண்ணுக்கு இடுகிற சுர்மா. அத்தா மதீனாவுக்குப் போனபோது வாங்கிவந்தது. பெருநாளன்றும் ஏதாவது விசேஷத்திலும் மட்டும் அலமாரியிலிருந்து வெளியே வரும். எங்களுக்கெல்லாம் ஒரு இழுப்புக்கு மேல் கிடையாது. அம்மா ஒட்டின் மேல்பகுதியை அரத்தால் உரசிப் பள்ளமாக்கினார். சோடாவோடு சுர்மாவைக் கலந்து அதில் நிரப்பி, பசையைச் சொட்டினார். கறுப்பு! அப்படி ஒரு கறுப்பு. குப்பியைக் கவிழ்த்துத் தட்டி, கடைசித் தூள்வரை கொட்டிவிட்டார். கொட்டகை நிழலில் மூடியை மாட்டிப் பார்த்தபோது ஒட்டு எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை. அம்மா வேலை முடிந்ததும் காலியான குப்பியை முகர்ந்து பார்த்துவிட்டு, தூக்கிப்போடாமல் திரும்ப அலமாரியில் வைத்தார்.

அத்தா வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு பாடம் நடந்தது. "பொய் சொல்லக்கூடாது. அல்லாஹ் பாத்துக்கிட்டு இருக்கான். ஆனா கேக்காதத சொல்லவும் கூடாது" என்றார் அம்மா. எனக்கு அது பிடித்திருந்தது. பெரிய பொறுப்பில் இருப்பதுபோல் உணர்ந்தேன். மாமா சீட்டின் கம்பியோடு மல்லுக்கட்டி அதைப் பழையபடி பின்னால் தள்ளினார். தலையணை கட்டிலுக்குத் திரும்பியது.

மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு எல்லாருமாக எங்கள் காரிலேயே போனோம், மாமா ஓட்டினார். திரும்பும்போது அத்தா அவருக்குப் பக்கத்தில், மூடிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். நானும் அம்மாவும் தம்பியும் பின்னால். திண்டிவனம் வரை எல்லாம் நன்றாகப் போனது. அத்தா ஊர்க்கதை கேட்டார், தம்பியை மடியில் வாங்கிக்கொண்டார். பிறகு வெயில் ஏறி இடப்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே விழுந்தது.

அம்மா அந்த மூடியை வெயிலில் வைத்துப் பார்க்கவே இல்லை. நிழலில் கறுப்பாக இருந்த கோடுகள் வெயிலில் மீன்செதில் மாதிரி மினுங்கின. மூடி முழுக்க, குறுக்கும் நெடுக்குமாக. சுர்மாவின் மினுமினுப்பு.

அத்தா குனிந்து விரலால் தடவினார். "என்ன மாப்ள இது?"

மாமா தயாராக இருந்தார். "அது வந்து மச்சான், வாத்து குறுக்க வந்துடுச்சி. பிரேக் அடிச்சேனா, பலாப்பழம் போயி இடிச்சிடுச்சி. கடலூர்ல ஒரு கடையில குடுத்து ஒட்டிட்டேன்."

"பழத்த எங்க வச்சிருந்த?"

"மடியிலதான் மச்சான். ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சிக்கிட்டுதான் இருந்தேன்."

அத்தா மாமாவைப் பார்த்தார். "மடியிலயா?"

"ஆமா மச்சான். முள்ளு குத்தினதுகூட இன்னும் இருக்குது பாருங்க."

பலாப்பழத்தை மடியில் வைத்து, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர் எப்படிக் கார் ஓட்டியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாமாவுக்கும் தோன்றவில்லை. அம்மா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டார். அத்தா "ம்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போது அத்தா சுர்மா கேட்டார். அம்மா, "தீந்துபோச்சிங்க" என்றார். அத்தா அலமாரியைத் திறந்து குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு தூள் இல்லை. குப்பியை அங்கேயே வைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனார். சாவியை எதற்கோ தேடுகிறார் என்று நினைத்து நானும் பின்னாலேயே போனேன். அவர் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்து பின்பக்கத்து டீ வடிகட்டி வலையைத் தடவினார். காற்றுப் பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த என் சீப்பை விரலால் மேலும் கீழும் ஆட்டிப்பார்த்தார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது மாமாவும் இருந்தார். அத்தா பிரியாணித் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "மாப்ள, அந்தக் கடலூர்க் கடைக்காரரப் பாத்தா சொல்லு. வேல ரொம்ப சுத்தமா இருக்குன்னு நான் சொன்னதா சொல்லு. சவூதியில நான் ஓட்டற வண்டிக்குக்கூட இப்படி யாரும் பாத்துப் பாத்துச் செஞ்சதில்ல."

மாமா, "சொல்லிடறேன் மச்சான்" என்று சந்தோஷமாகத் தலையாட்டினார். அம்மா தயிர்வெங்காயம் எடுக்க உள்ளே போனவர் ரொம்ப நேரம் வரவில்லை. நாங்கள் தப்பித்துவிட்டோம் என்று நான் முடிவு செய்தேன்.

ஆனால் தப்பவில்லை போலத்தான் இருந்தது. லீவு முடியப்போகிற சமயத்தில் பாண்டிச்சேரிக்காரர் காரைப் பார்க்க வந்துவிட்டார். அத்தா முன்பே வரச்சொல்லியிருந்தாராம். அம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றார். தம்பியைத் தன்னோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தார், அவன் நெளிந்தான். வந்தவர் காரைச் சுற்றிவந்தார், எஞ்சினைக் கேட்டார், திருப்தியாகச் சிரித்தார். டேஷ்போர்டை அவர் கவனிக்கவே இல்லை. அத்தா என்ன செய்தார் தெரியுமா? காரைக் கொட்டகையிலிருந்து வெயிலுக்கு எடுத்தார். மூடி மினுங்கியது. அத்தாவே அதைத் தட்டிக் காட்டினார்.

"இது சுக்குநூறா உடைஞ்சது சார். ஒட்டுப் போட்டது."

"பரவால்ல பாய், அத மாத்திக்கலாம்."

"மாத்த முடியாது."

"கெடைக்கலன்னா செஞ்சிக்கலாம் பாய்."

"இல்ல சார், மாத்தற மாதிரி இல்ல. நீங்க வேற வண்டி பாருங்க. மன்னிச்சிக்கங்க."

வந்தவர் ஒன்றும் புரியாமல் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். எனக்கும் புரியவில்லை. அம்மா அவ்வளவு பாடுபட்டு மறைத்ததை இவரே வெட்டவெளிச்சமாக்கி, வருகிறவரையும் விரட்டிவிட்டாரே, இவ்வளவு வெகுளியாக இருந்தால் எப்படிப் பிழைக்கிறார் என்று எனக்கு அத்தாமேல் பரிதாபம் வந்தது.

சவூதிக்குத் திரும்பிப் போகிற அன்று காலையில் அத்தா வாடகை வேன் சொல்லியிருந்தார். நம் கார் இருக்கும்போது வேன் எதற்கு என்று மாமா கேட்டதற்கு, "அது இங்கயே இருக்கட்டும், வீட்ல தேவைப்படும்" என்றார். ஓட்டத் தெரிந்தவர் இல்லாத வீட்டில் அது எதற்குத் தேவைப்படும் என்று அவர் சொல்லவில்லை, மாமாவும் கேட்கவில்லை.

பெட்டிகளை வாசலுக்குக் கொண்டுவரும்போது அத்தாவைக் காணோம். என்னைத் தேடச்சொன்னார்கள். அவர் கொட்டகையில், காரின் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்திருந்தார். கீழே கையைவிட்டு அந்தக் கம்பியை இழுத்து, கடைசிவரை சீட்டை முன்னால் நகர்த்தினார். முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் போய் முட்டின. உயரமான மனிதர், மடங்கி நெளிந்து ஒருவழியாக வெளியே வந்தார். அப்போதும் திருப்தியில்லை. வெளியே நின்று குனிந்து இன்னும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, அத்தாவுக்கு சீட்டு தள்ளவே தெரியல. முன்னாடி இழுத்துட்டு, முட்டி மாட்டிக்கிட்டு, எறங்க முடியாம கஷ்டப்பட்டாங்க."

அம்மா அத்தாவின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததை மறுபடியும் பிரித்தார். பிறகு அந்தச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அத்தா ஊருக்குப் போகிறபோதெல்லாம் அம்மா அழுவது வழக்கம்தான். அதனால் நான் ஒன்றும் கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். காலமெல்லாம் கார் ஓட்டியே பிழைக்கிற மனிதருக்கு ஒரு சீட்டைச் சரியாகத் தள்ளத் தெரியவில்லையே என்று மட்டும் எனக்கு வெட்கமாக இருந்தது.